வெனிசின் 24ஆம் தூண்

1851ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜான் ரஸ்கினும் அவர் மனைவி எஃபியும் இரண்டாம் முறையாக வெனிஸ் நகருக்கு வந்து சேர்ந்தனர். ரஸ்கினுக்கு அப்போது வயது 32, எஃபிக்கு 23. முந்தைய பயணத்தில் டானியேலி விடுதியில் தங்கியவர்கள், இம்முறை பெருங்கால்வாயின் கரையில் காசா வெட்ஸ்லர் என்னும் மாளிகையில் அறைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டனர். முதல் பயணத்தில் எஃபிக்குத் துணையாகத் தோழி ஒருவர் வந்திருந்தார். இம்முறை அத்தகைய துணை இல்லை. அடுத்த பத்து மாதங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இரு வேறு வெனிஸ் நகரங்களில் வாழ்ந்தனர் எனலாம்.

இந்தியாவில் ரஸ்கினின் பெயர் பெரும்பாலும் காந்தியடிகள் வழியாகவே அறியப்பட்டிருக்கிறது. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற ரயிலில் காந்தி படித்து, தம் வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளக் காரணமான 'அன்டு திஸ் லாஸ்ட்' அவர் எழுதியதுதான். அந்நூலை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, ரஸ்கின் முதன்மையாகக் கலையையும் கட்டடங்களையும் ஆராய்பவராக இருந்தார். 'வெனிசின் கற்கள்' என்னும் பெருநூலின் முதல் தொகுதி 1851 மார்ச்சில் வெளிவந்திருந்தது. எஞ்சிய இரு தொகுதிகளுக்கான தரவுகளைத் திரட்டவே இந்த இரண்டாம் பயணம்.

அவருடைய அவசரத்திற்குக் காரணம் இருந்தது. 1848 மார்ச்சில் ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிராக எழுந்த வெனிஸ், தானியேலே மானின் தலைமையில் குடியரசாயிற்று. முற்றுகை, பீரங்கித் தாக்குதல், காலரா என அனைத்தையும் தாங்கி நின்ற நகரம் 1849 ஆகஸ்ட்டில் பணிந்தது. மூன்று மாதம் நிறைவதற்குள் ரஸ்கின் தம்பதியர் முதல்முறையாக அங்கு வந்து இறங்கினர். போரில் தப்பிய கட்டடங்களைப் 'புதுப்பித்தல்' என்னும் பெயரில் நடக்கும் வேலைகள் அழித்துவிடும் என்று ரஸ்கின் அஞ்சினார். கட்டடங்களின் காலம் குறித்து அறிஞர்களின் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆகவே கற்களையே சான்றாகக் கொள்வதென்று முடிவு செய்தார். வளைவு வளைவாக அளந்தார், குறிப்பேடுகளை நிரப்பினார், அன்று புதிதாக இருந்த டாகுரோடைப் ஒளிப்படங்களையும் எடுத்தார். சிதைந்துகொண்டிருக்கும் சுவடியையோ, இடிபடப்போகும் கோயில் மண்டபத்தையோ ஆராய்ந்த எவருக்கும் இந்தப் பதற்றம் புதிதன்று.

இந்தக் காட்சியை வெளியிலிருந்து கண்டவர் எஃபி. முதல் பயணத்தின்போது தாய்க்கு எழுதிய மடலொன்றில், சதுக்கத்தில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணவர் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு படமெடுப்பதையும், தூண்களின் மேலேறித் தூசியும் ஒட்டடையுமாக இறங்குவதையும் வேடிக்கையாக விவரித்தார். அதில் பரிவும் இருந்தது.

எஃபி இத்தாலிய மொழி கற்றார். விருந்துகளுக்கும் நடன அரங்குகளுக்கும் சென்றார். ஆஸ்திரிய அதிகாரிகளோடும் வெனிசின் பழங்குடும்பங்களோடும் பழகினார். இவ்விரு சாராரும் தம்முள் பேசிக்கொள்வதே அரிது. ஆஸ்திரியப் படையின் இசைக்குழு சதுக்கத்தில் வாசிக்கும்போது ஊர்மக்கள் செவிகொடுக்க மறுத்து நடந்துபோவர். தோற்ற நகரின் அந்த மௌனத்தை எஃபி மனிதர்களிடையே இருந்து அறிந்தார். ரஸ்கின் அவரைத் தடுக்கவில்லை. உடன் செல்வதும் குறைவு. அக்காலக் கணவர்களிடம் அரிதான சுதந்திரம் என்று அதைச் சொல்லலாம். கவனமின்மை என்றும் சொல்லலாம்.

அந்த வீட்டிலிருந்து இரு திசைகளில் மடல்கள் சென்றன. ரஸ்கின் ஏறக்குறைய நாள்தோறும் லண்டனிலிருந்த தந்தைக்கு எழுதினார். எஃபி ஸ்காட்லாந்தின் பெர்த் நகரிலிருந்த பெற்றோருக்கு எழுதினார். ரஸ்கினின் மடல்கள் 1955இல் நூலாயின. எஃபியின் வெனிஸ் மடல்கள் 1965இல். பின்னவற்றைப் பதிப்பித்தவர் மேரி லட்யன்ஸ்: புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்சின் மகள், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கை வரலாற்றாசிரியர். ஆய்வாளரின் மனைவியாக அறியப்பட்டவர், அதன்பின் முற்றுகைக்குப் பிந்தைய வெனிசுக்குச் சான்றளிப்பவராகவும் அறியப்பட்டார்.

1853இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில்தான் கோத்திக் கலையின் இயல்பு பற்றிய புகழ்பெற்ற இயல் இடம்பெற்றது. பெயர் தெரியாத கல்தச்சனின் கையில் இருந்த சுதந்திரமே அக்கலையின் உயிர் என்பது அதன் சாரம். வில்லியம் மாரிஸ் அதைத் தனி நூலாகவே 1892இல் அச்சிட்டார். அதே தொகுதியில், டோஜ் மாளிகையின் கீழ்த்தளத் தூண்வரிசையில் உள்ள 36 தூண்களின் தலைப்பகுதிச் சிற்பங்களையும் ரஸ்கின் ஒவ்வொன்றாக விவரித்துச் செல்கிறார்.

24ஆம் தூணின் தலையில் செதுக்கப்பட்டிருப்பது ஓர் இல்லறத்தின் கதை. சாளரத்தில் நிற்கும் பெண்ணை ஓர் இளைஞன் காண்கிறான்; பேசுகிறான்; பரிசளிக்கிறான்; மணம் நிகழ்கிறது; குழந்தை பிறக்கிறது; இறக்கிறது. ஏனைய தூண்கள் சிலவற்றை விரிவாக ஆராய்ந்தவர், இதனைச் சில வரிகளில் முடித்துக்கொள்கிறார். சரிவரப் பார்க்க இயலவில்லை என்று காரணமும் கூறுகிறார்: ஆஸ்திரியக் காவல்கூடத்தின் முன் நிறுத்தப்பட்ட இரு பீரங்கிகளைச் சுற்றியிருந்த வேலி தூணை மறித்திருந்தது. நேர்மையான களக்குறிப்பு அது. காண முடியாததைக் கண்டதாக எழுதாத ஒழுக்கம் அதில் இருக்கிறது.

1852 ஜூன் இறுதியில் இருவரும் வெனிசை விட்டுப் புறப்பட்டனர். 1854 ஏப்ரல் 25 அன்று எஃபி லண்டனிலிருந்து பெற்றோரிடம் சென்றார். மண மோதிரமும் சாவிகளும் வீட்டுக் கணக்கேடும் மாமியாருக்கு அனுப்பப்பட்டன. ஆறாண்டு மணவாழ்வில் தாம்பத்திய உறவே நிகழவில்லை என்பதால், அத்திருமணம் செல்லாது என்று அவ்வாண்டு ஜூலையில் திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு எஃபி ஓவியர் ஜான் எவரெட் மில்லேயை மணந்தார்.

இதற்கெல்லாம் ஆய்வுதான் காரணம் என்று கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். ரஸ்கின் அவ்வளவு கருத்தூன்றி அளந்திருக்காவிட்டால் வெனிசைப் பற்றி உலகம் அறிந்தது குறைந்திருக்கும் என்பதும் மறுக்க இயலாதது. எனினும் ஆய்வேடுகளின் நன்றியுரையில் வாழ்க்கைத்துணையின் பொறுமைக்கு நன்றி கூறும் அந்த ஒற்றை வரியைக் காணும்போது, காசா வெட்ஸ்லரிலிருந்து வெவ்வேறு முகவரிகளுக்குச் சென்ற அந்த மடல்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. எத்தனை ஆண்டுகளின் கணக்கு அந்த வரிக்குள் அடங்கியிருக்கிறது என்பதை அதை எழுதியவரைவிடப் பொறுத்தவரே நன்கறிவார்.

1866இல் வெனிஸ் இத்தாலியோடு இணைந்தது. ஆஸ்திரியப் படை வெளியேறியது. அந்தப் பீரங்கிகளும் வேலியும் இன்று அங்கு இல்லை. 24ஆம் தூணை இப்போது எவரும் நெருங்கிச் சென்று, அண்ணாந்து, சுற்றிவந்து பார்க்கலாம்.