ஒரு தண்ணீரும் எட்டு லிட்டர் டீசலும்

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி ஒரு வாரமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "கர்நாடகத்தில் வருமானத்துக்காகப் பெட்ரோல், டீசல் வரியை உயர்த்தியதுபோல இங்கேயும் உயர்த்தினால், விவசாயிகள் நாம் ஏற்றுக்கொள்ளலாமா?" என்பது கேள்வி. அங்கே 2024 ஜூனில் விற்பனை வரியைக் கூட்டியதில், பெட்ரோலும் டீசலும் லிட்டருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் ஏறியது உண்மைதான்.

கேள்வியைப் படித்ததும் "கூடவே கூடாது" என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகு என் வரவு செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

எனக்கு வந்தவாசிப் பக்கம். இரண்டு ஏக்கர் கொல்லை. மேல் கொல்லை ஒரு ஏக்கர், கீழ் கொல்லை ஒரு ஏக்கர். நடுவில் கிணறு. மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை போடுவேன். இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்து வருடங்கள் ஓடிவிட்டன, வரிசை இன்னும் என்னிடம் வரவில்லை. அதனால் கிணற்றில் இன்றைக்கும் ஆயில் இன்ஜின்தான். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச எட்டு லிட்டர் டீசல் குடிக்கும். மல்லாட்டைக்கு ஒன்பது தண்ணீர் வேண்டும்.

2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் மார்கழியில் விதைத்தபோது டீசல் விலை 92 ரூபாய்க்குள் நின்றிருந்தது. நாலு மாதத்துக்கு அசையவே இல்லை. வடக்கே சட்டமன்றத் தேர்தல்கள் நடந்துகொண்டிருந்த நேரம். தேர்தல் முடிந்தது. மார்ச் 22-ம் தேதி தொடங்கி, தினம் 80 பைசா, 70 பைசா என்று ஏற ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் சென்னையிலேயே 100 ரூபாய் 94 பைசா. எங்கள் பங்கில் 101-ஐத் தாண்டிவிட்டது.

பங்குனி மாதம். காய் முற்றுகிற நேரம். மல்லாட்டை போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கடைசி இரண்டு தண்ணீர்தான் பருப்பை நிரப்பும். கையில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம். இரண்டு ஏக்கருக்கும் பாய்ச்ச 16 லிட்டர் வேண்டும், 1,600 ரூபாய். கடன் கேட்கப் போகலாம். ஆனால் உரத்துக்கு வாங்கிய கடனே அப்படியே நின்றது. எட்டு லிட்டர் வாங்கி மேல் கொல்லைக்கு மட்டும் பாய்ச்சினேன். கீழ் கொல்லை ஈரம் தாங்கும் மண், ஒரு மழை வந்தாலும் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மழை வரவில்லை. சித்திரையில் பிடுங்கியபோது மேல் கொல்லையில் 22 மூட்டை. கீழ் கொல்லையில் 16. அதிலும் பொக்கு அதிகம். கமிட்டியில் காயைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்கள். 800 ரூபாயைப் பார்த்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் விட்டுவிட்டேன். அந்த எட்டு லிட்டரில் வரி மட்டும் 320 ரூபாய்க்கு மேல் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மே 21-ம் தேதி மத்திய அரசு டீசல் வரியில் 6 ரூபாய், பெட்ரோலில் 8 ரூபாய் குறைத்தது. அதற்குள் என் மூட்டை விற்று, பணம் கடனுக்குப் போய்விட்டது.

வரி எப்படி ஏறியது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014-ல் டீசல் மீது மத்திய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 பைசா. 2020-ல் கொரோனா வந்து கச்சா எண்ணெய் விலை தரையில் விழுந்தது. அப்போது நமக்கும் விலை விழுந்திருக்க வேண்டும். மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதம் டீசலுக்கு மேலும் 13 ரூபாயும் கலால் வரி ஏற்றினார்கள். டீசல் மீது மத்திய வரி 31 ரூபாய் 83 பைசா ஆனது. அதே மே மாதத் தொடக்கத்தில் நம் மாநிலத்திலும் வரி விதிப்பு முறையை மாற்றி உயர்த்தினார்கள். 2021 நவம்பரில் தீபாவளிக்கு முதல் நாள் மத்திய அரசு டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பதாக அறிவித்தது. அன்றைக்குச் சென்னையில் டீசல் 102 ரூபாய் 59 பைசா. குறைத்த பிறகு 91 ரூபாய் 43 பைசா.

அந்த தீபாவளிக்குத்தான் எனக்கும் என் மச்சானுக்கும் பேச்சு முறிந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. டிராக்டர் வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் பாதி நிலத்தை அவன்தான் ஓட்டுவான். 2019-ல் ஒன்பது கொத்துக் கலப்பைக்கு மணிக்கு 800 வாங்கினான். டீசல் ஏற ஏற 900, பிறகு 1,000. அது நியாயம்தான், கேட்டபோது கொடுத்தோம். டீசல் ஒரே நாளில் 11 ரூபாய் இறங்கியதும், பலகாரத் தட்டோடு வந்தவனிடம் கேட்டேன்.

"மச்சான், மணிக்கு அம்பது ரூபா குறைச்சுக்கலாமே. அஞ்சு லிட்டருதானே குடிக்குது?"

"மாமா, நீங்க டீசலை மட்டும் பாக்குறீங்க. டயர் விலை தெரியுமா? டிரைவர் பேட்டா இறங்குச்சா? தவணை இறங்குச்சா?" என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "போன வருஷம் கச்சா எண்ணெய் தரையில கெடந்தப்ப கவர்மென்ட்டு நமக்குக் குறைச்சுதா? அவங்களைக் கேக்காம என்னைக் கேக்குறீங்க" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயும் கவர்மென்ட்டும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டேன். என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டுப் போனவன், பொங்கல் வரைக்கும் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் மார்கழியில் ஓட்டுவதற்கு டிராக்டரை மட்டும் அனுப்பினான். மணிக்கு அதே 1,000.

இப்போது யோசித்தால் அவன் சொன்னதில் பாதி சரி. எண்ணெய் ஏறும்போது எல்லாமே உடனே ஏறுகிறது. இறங்கும்போது வரி ஏற்றி மேலே ஒருவர் எடுத்துக்கொள்கிறார், மிச்சத்தை நடுவில் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். வாடகைக்கு உழுகிறவன் கைக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

சரி, வரியே வேண்டாமா? அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. நான் புலம்பியபோது அவர் கேட்டார்: "உங்க பக்கத்துக் கொல்லைக்காரருக்கு மோட்டார் கரண்ட் சும்மா வருது. உங்க வீட்டம்மா டவுன் பஸ்ல சும்மா போறாங்க. அந்தக் காசு எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?"

ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில அரசு தன் இஷ்டத்துக்கு உயர்த்தவோ குறைக்கவோ முடிகிற வரிகள் கொஞ்சம்தான். பெட்ரோல், டீசல், மது, வாகனம், பத்திரப் பதிவு என்று விரல் விட்டு எண்ணலாம். 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தபோது, வருடத்துக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சொன்னார். அப்படியானால் ஒரு ரூபாய் என்பது ஏறக்குறைய 387 கோடி. சின்னப் பணம் இல்லை.

ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். பெட்ரோல் விலை ஏறினால் ஜனங்கள் பஸ்ஸில் போவார்களாம், புகையும் குறையுமாம். நகரத்தில் அது நடக்கலாம். எங்கள் ஊருக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பால் கேனை அதில் ஏற்ற விடமாட்டார்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில்தான் பாலும் போகிறது, தவிடும் வருகிறது, காய்ச்சல் வந்த பிள்ளையும் போகிறது. விலை ஏறினால் நாங்கள் வண்டியை நிறுத்துவதில்லை. வேறு எதையாவது நிறுத்துகிறோம்.

மத்திய வரியைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டிய பிறகு டீசலுக்கு மத்திய வரி 17 ரூபாய் 80 பைசா ஆனது. அந்த 2 ரூபாய் பங்க் விலையில் ஏறவில்லை, அதனால் பல பேருக்குத் தெரியவும் இல்லை. அந்த 17.80-ல் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துத் தரும் அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 80 பைசாதான் இருந்தது. மிச்சமெல்லாம் பங்கு தர வேண்டாத கூடுதல் வரியும் செஸ்ஸும். அதில் 4 ரூபாய் எதற்குத் தெரியுமா? 2021 பட்ஜெட்டில் கொண்டுவந்த வேளாண் கட்டமைப்பு மேம்பாட்டு செஸ். விவசாயத்துக்காக வசூலிக்கிற பணத்தை, தண்ணீர் இறைக்கிற விவசாயியும் லிட்டருக்கு 4 ரூபாய் கட்டுகிறான்.

இதற்கு மேல் மாநில வரி 11 சதவிகிதமும், லிட்டருக்கு 9 ரூபாய் 62 பைசாவும். 2025-ல் இரண்டு அரசுகளும் சேர்த்து லிட்டருக்கு ஏறக்குறைய 35 ரூபாய் வாங்கின. என் நோட்டுப்படி, இரண்டு ஏக்கருக்கு ஒன்பது தண்ணீர் என்றால் 144 லிட்டர். உழவும் ரோட்டவேட்டரும் சேர்த்து டிராக்டர் ஆறு மணி நேரம், 30 லிட்டர். மொத்தம் 174 லிட்டர். 35-ஆல் பெருக்கினால் 6,090 ரூபாய். கிசான் திட்டத்தில் மூன்று தவணையாக வருடத்துக்கு எனக்கு வருவது 6,000. பால் வண்டிப் பெட்ரோலை நான் சேர்க்கவே இல்லை.

பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் அதே 6,000 வருகிறது. அவருக்குத் தண்ணீர் இலவச மின்சாரத்தில். அவர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீருக்கு வரி, அந்தப் பக்கம் தண்ணீருக்கு மானியம். இதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறேன்.

"மீனவர்களுக்குப் படகு டீசலில் விற்பனை வரி விலக்கு இருக்கிறதே, நமக்கும் கேட்கலாமே" என்று பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் விவசாயிகளுக்குச் சிவப்புச் சாயம் கலந்து குறைந்த வரியில் டீசல் தருகிறார்கள். ஆனால் படகு கடலில்தான் ஓடும். டிராக்டர் காலையில் கழனியில் ஓடும், மத்தியானம் செங்கல் ஏற்றும். என் மச்சான் டிராக்டரும் அப்படித்தான். சாயம் போட்டாலும் நிற்காது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டுத்தானே கொடுத்தார்கள்? அது எத்தனை இன்ஜினுக்குள் போனது! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது.

அப்படியே வரியில்லாத டீசல் கிடைத்தாலும் டிராக்டர் வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். வாடகை இறங்காது என்பதை அந்த தீபாவளியிலேயே பார்த்துவிட்டேன்.

அதனால் கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான். பெட்ரோலுக்கு மாநில அரசு ஒரு ரூபாய் கூட்டினால் முணுமுணுத்துக்கொண்டு கட்டுவேன். ஆனால் அந்தப் பணத்தில், எங்கள் ஊருக்கு மூன்றாவது பஸ் வந்ததா என்று கேட்பேன். டீசலுக்குக் கூட்டக் கூடாது. டீசல் வரியைப் பங்கில் குறைக்கச் சொல்லவும் மாட்டேன். மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்கள் பட்டியல் அரசிடமே இருக்கிறது. இணைப்பு வரும் வரைக்கும், ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கிட்டு, அந்த வரியைக் கிசான் பணம்போல வங்கிக் கணக்கில் திருப்பிப் போடலாம். சாகுபடி அடங்கலில் பயிர் இருக்கிறது, ஏமாற்ற வழி குறைவு. அதுவும் பங்குனிக்கு முன்னால் போட வேண்டும். அறுவடைக்குப் பிறகு வந்தால் கடன்காரருக்குத்தான் போகும்.

சூரிய சக்தி மோட்டார் போடலாமே என்று சிலர் கேட்பீர்கள். விசாரித்தேன். மானியம் போக என் பங்கே லட்சத்தைத் தாண்டியது. இரண்டு ஏக்கர் மல்லாட்டையில் அதைக் கட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இதை ஒரு மனுவாக எழுதி, போன மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருக்கிறேன். மனுவைக் கணினியில் அடித்துக் கொடுத்தது மச்சானின் மகள். அதைப் படித்துப் பார்த்த மச்சான், "டிராக்டர்காரன் வாடகையைக் குறைக்க மாட்டான்னு எழுதியிருக்கீங்களே மாமா" என்றான். "பொய்யா?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "இந்த வருஷம் நாளைக்கே வண்டி அனுப்பறேன், ஈரம் காயறதுக்குள்ள ஓட்டிருங்க" என்று போய்விட்டான். ரேட்டு பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் பட்டத்துக்கு இதுவரை வாங்கிய டீசல் 16 லிட்டர். நோட்டில் இந்த முறை வரிக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.