பெரிய பாதி

எங்கள் வீட்டில் மாமியாருக்கும் எனக்கும் மனஸ்தாபம் வருவதென்றால் அது பெரும்பாலும் துணி வெளுப்பதைப் பற்றித்தான் இருக்கும். 2023-ம் வருஷம் ஆடி மாதம் ஒரு நாள், கொடியில் காய்ந்த வேஷ்டியை மடித்துக் கொண்டே, "இது என்ன, இப்படி மஞ்சள் பூத்துக் கிடக்கிறது? நீலம் போடுகிற வழக்கமே போய்விட்டதா?" என்றார். நான் பார்த்தேன். வேஷ்டி வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. எழுபத்தாறு வயதுப் பெரியவரோடு வேஷ்டியின் நிறத்துக்காக வழக்காட முடியுமா? மறு நாள் சொட்டு நீலத்தைத் தாராளமாகவே விட்டேன். வேஷ்டி ஆகாய வர்ணத்தில் வந்து சேர்ந்தது. "இன்னும் மஞ்சள்தான்" என்றார் மாமியார்!

அதே வாரத்தில் அவருக்குச் சாப்பாடும் பிடிக்காமல் போயிற்று. ரசம் சாதத்தைக் கண்டாலே குமட்டல். என் சமையலுக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் என்று மனத்துக்குள் கறுவிக் கொண்டேனே தவிர, வேஷ்டியையும் ரசத்தையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. பட்டம் பெற்றவள், பத்திரிகையில் வேலை பார்க்கிறவள்! அடுத்த வீட்டு விஷயமாக இருந்திருந்தால் ஒருவேளை தோன்றியிருக்கும்.

டாக்டருக்கு உடனே தோன்றிவிட்டது. நாடியைப் பிடித்துப் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "டிஜாக்ஸின் மாத்திரையில் பாதிதானே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்? யார் அதை வெட்டுகிறது? எதைக் கொண்டு?" என்று கேட்டார். "பாக்குவெட்டியால்" என்றேன்.

சிரிக்காதீர்கள். அது மாமியாரின் மாமியார் காலத்துப் பாக்குவெட்டி. கொட்டைப் பாக்கை வெண்ணெய் மாதிரி சீவும். ஆனால், மிளகைப் போல் சற்றே பெரிய மாத்திரையை அதில் வைத்து அழுத்தினால், ஒரு பாதி தட்டில் விழும். மறு பாதி பிரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்து கொள்ளும். இரண்டும் அகப்படுகிற நாட்களிலும் ஒன்று பெரிதாக, மற்றது ஓரம் நொறுங்கிப் பொடியாக இருக்கும். நான் என்ன செய்வேன் தெரியுமா? பெரிய பாதியை எடுத்து மாமியார் கையில் கொடுப்பேன். நொறுங்கினதைக் குப்பையில் போடுவேன். அதிரசமானாலும் மாம்பழமானாலும் பெரிய துண்டு பெரியவர்களுக்கு என்று பழகிய கை. மருந்துக்கு மட்டும் வேறு நியாயம் உண்டு என்று அதற்கு எப்படித் தெரியும்?

ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு ஏறியிருப்பது தெரிந்தது. "சிறுநீரகம் வயதினால் மந்தப்பட்டிருக்கிறது. வெளியேற வேண்டிய மருந்து தேங்கிவிட்டது. அதன் மேல் நீங்கள் வேறு தினம் தினம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தி, இருதயத் துடிப்பைக் கவனிக்க மூன்று இரவுகள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் கருவி ஒன்று 'கிண் கிண்' என்று எண்ணிக் கொண்டே இருந்தது. நானும் எண்ணிக் கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் இரவு மாமியார் கண் விழித்து, "நீ ஏன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாய்? உனக்கென்ன உடம்புக்கு?" என்றார். பெரிய பாதி சமாசாரத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மருந்து வம்சத்துக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷைர் பக்கத்துக் கிழவி ஒருத்தி, உடம்பு நீர் கோத்து வீங்குவதற்கு ரகசியமாக ஒரு கஷாயம் கொடுத்து வந்தாளாம். அதிலிருந்த பல மூலிகைகளில் வேலை செய்வது 'டிஜிடாலிஸ்' செடிதான் என்று கண்டு, வில்லியம் விதரிங் என்ற டாக்டர் 1785-ல் புத்தகம் எழுதினார். அளவு மிஞ்சினால் குமட்டும், பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும் என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார். நான்தான் நீலத்தை வாங்கி ஊற்றிக் கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிய பிறகு, மனம் கேளாமல் ஒரு காரியம் செய்தேன். ஐந்து மாத்திரைகளைப் பாக்குவெட்டியால் வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொண்டு, வழக்கமாகப் போகும் நகைக் கடைக்குப் போனேன். மில்லிகிராம் காட்டும் தராசு அங்கேதானே இருக்கிறது! கடைக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாலும் நிறுத்துக் கொடுத்தார். ஒரு ஜோடியில் ஒரு துண்டு 66 மில்லிகிராம், மற்றது 44. முழு மாத்திரையில் மருந்து என்பது 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் பால் சர்க்கரையும் மாவும் போன்ற சரக்கு. பாதி என்றால் 125 இருக்க வேண்டும். என் பெரிய பாதியில் ஏறக்குறைய 150 இருந்திருக்கும். ஐரோப்பிய மருந்து நிர்ணய நூலில், கோடு போட்ட மாத்திரைக்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். 30 மாத்திரைகளை உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை நிறுப்பார்கள். சராசரியில் 85 முதல் 115 சதவிகிதத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஒன்றே ஒன்று தப்பலாம். அதுவும் 75-க்குக் கீழோ 125-க்கு மேலோ போகக் கூடாது. என் பாக்குவெட்டி தேறாது.

இப்போது மருந்துக் கடையில் மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசுதான். மாத்திரையின் கோடு மூடியிலிருக்கும் பிளேடுக்கு நேரே வரும்படி வைத்து, ஒரே அழுத்தாகச் சட்டென்று மூட வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் நொறுங்கும். ஒரு சமயத்தில் ஒரு மாத்திரைதான். ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து அட்டை முழுவதையும் வெட்டி வைக்கும் சாமர்த்தியம் வேண்டாம். சென்னைக் காற்றின் ஈரம் வெட்டிய முகத்தில் ஏறும். முக்கியமானது, இன்று ஒரு பாதி கொடுத்தால் அடுத்த வேளைக்கு அதே மாத்திரையின் மறு பாதி. இன்று கொஞ்சம் கூடினாலும் அடுத்த முறை குறைந்து சரிக்கட்டும். டிஜாக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றரை, இரண்டு நாள் ஆகும் என்பதால் அதற்கு இது பொருந்துகிறது. நொறுங்கிப் போனால் இரண்டையும் எறிந்துவிட்டு வேறு மாத்திரை.

பெட்டி வந்த ஜோரில் என் கணவரின் சர்க்கரை மாத்திரையையும் வெட்டிச் சிக்கனம் பண்ணப் பார்த்தேன். மருந்துக் கடைப் பெண் பதறிப் போனாள். "அக்கா, எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதே!" என்றாள். அது மருந்தைச் சொட்டுச் சொட்டாக நெடுநேரம் விடுகிற மாத்திரை. வெட்டினால் மொத்தமும் சீக்கிரமே இறங்கிவிடக் கூடும். இரைப்பை அமிலத்துக்குத் தப்பிக் குடலில் கரைய வேண்டும் என்று பூச்சுப் பூசிய மாத்திரைகளையும் வெட்டக் கூடாது. மெதுவாகக் கரையும் மெட்டோப்ரோலால் போன்றவற்றில் சில, நடுக் கோட்டில் மட்டும் பிளக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் பொடிக்கக் கூடாது. ஆகவே கேட்காமல் பெட்டியைத் திறப்பதில்லை. இன்னொன்று: புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைட் மாத்திரையின் உடைந்த துண்டைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது; ஆண் சிசுவுக்குக் கெடுதி. மாமனாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் மருமகள்கள் கவனிக்க வேண்டும்.

டாக்டர் மறுபடி அரை மாத்திரையைத் தொடங்கினார். எந்தெந்த நாள் என்று எழுதியும் கொடுத்தார். பாக்குவெட்டி பாக்குக்கே திரும்பிப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள், மாமியார் கொடியருகே நின்று வேஷ்டியை விரித்துப் பிடித்து வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக் கொண்டது.

"ஏன் அம்மா, இன்னும் மஞ்சளாகவா இருக்கிறது?" என்றேன்.

"மஞ்சளா? இப்படியா அள்ளிக் கொட்டுவார்கள் நீலத்தை!" என்றார்.