ஃபில்டர் மணலும் தொட்டி மணலும்

மீன் தொட்டியில் செடி வளர்க்க ஆசைப்படும் புதுவாயல்காரர்கள் பலரும் கொளத்தூர் வரை போய், வண்ணக் கற்களோடு திரும்புகிறார்கள். செடி வேர்விட ஏற்ற மணல் இங்கேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் தண்ணீரை வடிகட்டும் பிரஷர் சாண்ட் ஃபில்டருக்குள் கொட்டுகிறோமே, அந்தக் குவார்ட்ஸ் மணல்தான். மூட்டையில் 16/30 மெஷ் என்று பார்த்து வாங்க வேண்டும், பருக்கை 0.6 முதல் 1.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தண்ணீரில் எதையும் கரைத்துவிடாது.

வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய எம்-சாண்டைப் பலர் அள்ளிவருகிறார்கள். அதில் 75 மைக்ரானுக்கும் குறைவான கல்தூள் 15 சதவீதம் வரை இருக்க ஐ.எஸ். 383 தரநிர்ணயம் இடம் தருகிறது. கான்கிரீட்டுக்கு அது சரி. தொட்டியில் அந்தத் தூள் பருக்கைகளின் இடுக்கை அடைத்துவிடும்; வேருக்கு மூச்சு முட்டும். பழவேற்காட்டுக் கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் ஏறிய போர்வெல் தண்ணீரே போதுமான கடினம்; சுண்ணாம்பையும் சேர்க்க வேண்டியதில்லை. வார்ப்பாலைகள் கழித்துப்போடும் கறுத்த மணலில் பிசின் எரிந்த மிச்சம் இருக்கும். இலவசமாகக் கிடைத்தாலும் அது வேண்டவே வேண்டாம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டிக்குச் சராசரி ஆறு சென்டிமீட்டர் உயரம் பரப்பப் பதினாறு, பதினேழு கிலோ பிடிக்கும். முன்பக்கம் தாழ்வாக, பின்பக்கம் மேடாகப் போடுங்கள். அதற்குமுன் வாளியில் கையால் அளைந்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். இந்த மணலில் சத்து கிடையாது. கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா போன்ற வேர்ச்செடிகளுக்கு அடியில் உர மாத்திரை புதைத்தே ஆகவேண்டும்.

பராமரிப்பில்தான் ஆலைப் பழக்கத்தை மறக்க வேண்டும். ஃபில்டரில் அழுத்தம் ஏறியதும் பேக்வாஷ் கொடுத்து மணலைப் புரட்டி எடுப்போம். தொட்டியில் அப்படிக் கிளறினால், அடியில் அடங்கியிருந்த அழுக்கும் அம்மோனியாவும் ஒரேயடியாக மேலே வரும், மீன் திணறும். சைஃபன் குழாயை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, படிந்த கழிவை மட்டும் உறிஞ்சினால் போதும். கண்ணாடியோரம் கறுப்புத் திட்டு தெரிந்து, குத்தினால் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அங்கே பிராணவாயு எட்டவில்லை என்று பொருள். அந்த இடத்தை மட்டும் ஒரு குச்சியால் மெல்லக் குத்திவிடலாம். ஆனால் அதற்கு நிரந்தர மருந்து அடர்த்தியான செடிதான். கிரிப்டோகோரைன் வேர் கண்ணாடியை ஒட்டி இறங்கும் இடத்தில் பாருங்கள்: கறுத்த மணலுக்கு நடுவே வேரைச் சுற்றி மட்டும் துருநிறத்தில் ஓர் உறை. இலை அனுப்பும் பிராணவாயு வேர்வழியே கசிந்து, அங்குள்ள இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. அந்த நிறம் தெரிகிற தொட்டியில் நான் மணலில் கைவைப்பதில்லை. முதிர்ந்த செடியை எடுக்க நேர்ந்தாலும் வேரோடு பிடுங்காமல், அடித்தண்டோடு கத்தரித்துவிடுகிறேன்.