நாசி என்றால் மூக்கா, சோறா?

ஜொகூரில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைக்கு நெல், அரிசி, சோறு மூன்றும் வேறுவேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலாயிலும் அப்படித்தான்: பாடி, பெராஸ், நாசி. வயலில் நிற்பது ஒன்று, மூட்டையில் வருவது ஒன்று, தட்டில் விழுவது ஒன்று. ஆங்கிலப் பேச்சில் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான், ரைஸ்.

ஓய்வு நேரத்தில் நண்பரும் நானும் ஒரு தமிழ்-மலாய்ச் சொற்பட்டியல் சேர்த்து வருகிறோம். "சோறுன்னா நாசி, இதுல என்னாண்ணே அவ்ளோ வேல?" என்பார் அவர். வேலை இருக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்து இரண்டு அகராதிகளை இணைத்தால், மலாய் நாசி தமிழ் நாசியோடு சேர்ந்து, சோறு மூக்கில் போய் நிற்கும். அதனால்தான் கணினி அகராதிகளில் சொல்லுக்கு அல்ல, பொருளுக்கு எண் கொடுக்கிறார்கள். ஒரே பொருள் தரும் சொற்கள் ஓர் எண்ணின்கீழ் வரும். இதற்குப் பெயர் சொல்வலை.

மலாய்ச் சொல்வலை, காஸ்வேக்கு அந்தப் பக்கம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2011இல் வெளிவந்தது. அது அமெரிக்கப் பிரின்ஸ்டன் சொல்வலையின் எண்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தமிழ்ச் சொல்வலையோ இந்திச் சொல்வலையோடு கோக்கப்பட்டது, இந்தி, பிரின்ஸ்டனோடு. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச மும்பைக்கும் நியூஜெர்சிக்கும் ஆள் அனுப்புகிற கதை. இந்தியின் சாவல், ஆங்கிலத்தின் ரைஸ் இரண்டுமே அரிசியையும் குறிக்கும், சோற்றையும் குறிக்கும். இரண்டு மொழிகளிலும் பிரிந்தே இருப்பது வழியில் ஒன்றாகிவிடுகிறது.

எண்ணிலும் சிக்கல் உண்டு. பிரின்ஸ்டன் எண் என்பது கோப்பில் அந்தப் பதிவு தொடங்கும் இடம். வீட்டுக்குக் கதவு எண் போடாமல், தெருமுனையிலிருந்து இத்தனையாவது அடி என்று முகவரி எழுதுவது மாதிரி. நடுவில் ஒரு வீடு புதிதாக எழும்பினால் பின்னால் இருக்கிற எல்லா முகவரியும் மாறிவிடும். 3.0 பதிப்பின் எண்களை அப்படியே 3.1இல் தேட முடியாது.

எங்கள் பட்டியலிலும் இதே ஆபத்துதான். மலாய் கெடாய், நம் கடையிலிருந்து போன சொல். அதைக் 'கடை 2' என்று சுட்டி வைத்திருக்கிறோம். முன்னால் இன்னொரு கடையைச் சேர்த்தால், கெடாய் சத்தமில்லாமல் மோர் கடையப் போய்விடும். அறுந்த இணைப்பு உடனே கண்ணில் படும். தவறான இடத்துக்கு ஒழுங்காகப் போகிற இணைப்பு படாது.

கணினிக்கு முன்பே இதற்கு வழி கண்டவர்கள் உண்டு. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் எண்கள், 1984 இரண்டாம் பதிப்பில் மாறின. பதிவின் முடிவில் பழைய எண்ணையும் சேர்த்தே அச்சிட்டார்கள். பழைய கட்டுரை சுட்டும் எண்ணை வைத்து இன்றும் புதிய பதிவைக் கண்டுபிடிக்கலாம்.

2016இல் அறிமுகமான, சொல்வலைகளுக்கான பொது எண்பட்டியலும் இந்த மரியாதையைக் காக்கிறது. ஒரு பொருளுக்குக் கொடுத்த எண் இன்னொன்றுக்குப் போகாது. ஆங்கிலத்தில் சொல் இல்லாத பொருளுக்கும் எந்த மொழிக்காரரும் புது எண் கேட்கலாம். ஆனால் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித்தான் கேட்க வேண்டும்!

நாங்கள் வைத்திருக்கிற விதிகள் இரண்டு. கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது. சோறு நாசியைச் சுட்டினால், நாசியும் சோற்றைச் சுட்ட வேண்டும். ஒருபக்கம் மட்டும் நிற்கிற இணைப்புகளைத் தேடி எடுக்கக் கணினிக்குச் சில நொடி போதும். எந்தப் பக்கம் சரி என்று சொல்லத்தான் இரண்டு மொழியிலும் சாப்பிட்ட ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.