சாஃப்டுக்கு ஒரு வளையம்



வெள்ளிக்கிழமை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சேர், படிப்பிக்கிறத விட்டுட்டு கராஜ் திறந்துட்டீங்களா?" என்று ஆறேழு பேர் கேட்டிருந்தீர்கள். கராஜ் இல்லை. கட்டைபறிச்சானில் என்னிடம் விஞ்ஞானம் படித்த பொடியன் ஒருவனின் காருக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் படுத்திருந்த படம் அது. கையில் இருந்த இரும்பு வளையம் என்ன என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வேன், லொறி வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

கார் அவனுடைய அப்பா வைத்திருந்த கேஈ 72, நம்ம ஊர்ப் பாஷையில் டீஎக்ஸ் வேகன். அதில் வந்தது 1290 சீசீ 4கே எஞ்சின். நெல் மூட்டை ஏற்றவும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவும் அது தாராளம். பொடியனுக்குப் போதவில்லை. இரண்டு போகம் மெஷின் ஓடிச் சேர்த்த காசில் பஞ்சிகாவத்தைக்குப் போய் 1587 சீசீ 4ஏ எஞ்சினும் கியர்பொக்ஸும் கொண்டுவந்து இறக்கிவிட்டான். எஞ்சின் மாற்றினால் வாகனப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்று முதல் நாளே சொன்னேன். விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

புதுக் கியர்பொக்ஸுக்குப் பழைய சாஃப்ட் நீளம் சரிவரவில்லை. லேத் ஒன்றில் குழாயை வெட்டி, அளவுக்கு ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு பக்கென்றது.

கியர்பொக்ஸிலிருந்து பின்சில்லு டிஃபரன்சலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளக் குழாய்தான் சாஃப்ட். இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு மூட்டு, யுனிவர்சல் ஜொயின்ட். இத்தாலியரான கார்டானோ பெயராலும், ஆங்கிலேயரான ஹூக் பெயராலும் அதை அழைப்பார்கள். சுருளிவில் விதி சொன்ன அதே ஹூக்தான். அந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாக நின்று சுழலும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் போகும். முன்மூட்டு செய்கிற கோளாறைப் பின்மூட்டு சரிசெய்ய வேண்டுமானால் இரண்டு முனையின் கவைகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டும்போது ஒன்று சற்றுத் திரும்பி நின்றாலும் அதிர்வு. ஒட்டுப் பட்ட இடத்தில் பாரம் ஒரு பக்கம் கூடினாலும் அதிர்வு. அதிர்வு முதலில் தின்பது அந்தச் சிலுவையைத்தான்.

போனட்டின் மேல் கொப்பியை வைத்துக் கணக்குப் பார்த்தோம். 80 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 22 மீற்றர். அவனுடைய டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.75 மீற்றர் ஓடும். ஆக, சில்லு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 12.7 சுற்று. டிஃபரன்சல் 3.9 என்று வைத்தால் சாஃப்ட் செக்கனுக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3000. வீட்டு ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 300 சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றும். அதைவிட எட்டு, பத்து மடங்கு வேகத்தில் ஓர் இரும்புக் குழாய் உங்கள் இருக்கைக்கு ஒரு முழம் பக்கத்தில், ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத தகரத்துக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பழைய எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 100 நியூட்டன் மீற்றர். புதியது 140க்கு மேல். முதலாம் கியரில் அது மூன்றரை மடங்காகிச் சாஃப்டுக்கு 500 வரை வரும். அதனால் சிலுவைக்கு அடி விழுவது பெரும்பாலும் கிளச்சைப் படாரென்று விடுகிற நேரத்தில். அது முறிந்து விழுவதோ நல்ல வேகத்தில் போகும்போதாகவும் இருக்கலாம்.

பின்முனை கழன்றால் சாஃப்ட் நிலத்தில் இழுபட்டுக்கொண்டு வரும், கியர்பொக்ஸிலிருந்து உருவிக்கொண்டு வெளியே போகவும் கூடும். சத்தம், எண்ணெய், செலவு. முன்முனை கழன்றால் கதை வேறு. விழுந்த முனை வண்டி போகிற திசையைப் பார்த்து நிற்கிறது. வீதியில் ஒரு குழியில் குத்தினால் பின்பக்கத்தையே தூக்கிவிடும். குத்தாவிட்டால் சவுக்கு மாதிரி அடிக்கும். பிரேக் குழாய், பெற்றோல் குழாய், ஹேண்ட்பிரேக் கம்பி எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகின்றன.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒன்பது ஆசிரியர்கள் மாதவாடகைக்குப் பிடித்திருந்த வேனில் இது நடந்தது. காலை ஏழு மணி, வீதியில் மாட்டுப் பட்டி நின்றதால் டிரைவர் வேகத்தைக் குறைத்திருந்தார். டமார் என்று ஒரு சத்தம், நடுவில் தரைவிரிப்பு எழும்பியது. தகரம் கிழிந்து சாஃப்டின் முனை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அந்த இடத்தில் கணித டீச்சரின் கொப்பிப் பை இருந்தது. அவருடைய கால் அதற்கு அரையடி தள்ளி. அல்ஹம்துலில்லாஹ். வேன்காரர் ஒரு மாதமாக "அது சும்மா சத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

இதற்குத்தான் வளையம். முறிவதை அது தடுக்காது. முறிந்த சாஃப்ட் கீழே விழாமலும் மேலே அடிக்காமலும் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் கால் மைல் ஓட்டப் போட்டி நடத்துகிற நேஷனல் ஹொட் ரொட் அசோசியேஷன், ஸ்லிக் டயர் போட்டு 13.99 செக்கனிலோ அதற்குக் குறைவாகவோ ஓடுகிற காருக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவர்களுடைய அளவைத்தான் நாங்களும் எடுத்தோம்: 2 அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்புள்ள பட்டை இரும்பு, சாஃப்டை முழுவதும் சுற்றி, முன்மூட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள். பின்னால் தள்ளிப் போட்டால் வளையம் இருந்தும் முன்முனை நிலத்தைத் தொடும்.

ஒன்லைனில் ரெடிமேட்டாக விற்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்கக் கார்களின் அளவு. படத்தில் நன்றாக இருந்த ஒன்று வெறும் U வடிவப் பட்டி, மேல்பக்கம் திறந்து கிடந்தது. தகரத்தை நம்பி அதை மாட்டுவதில் எனக்கு மனமில்லை. நாங்கள் இரண்டு அரைவட்டமாக வளைத்து, பக்கங்களில் காது வைத்து, போல்டால் பூட்டினோம். நாளைக்கு கிளச் வேலை வந்தால் கழற்ற வேண்டுமே! உடம்பு பிடிக்கும் இடத்தில் குறுக்குச் சட்டத்தில் துளைத்து, மேல்பக்கம் 3 மில்லிமீற்றர் தகடு வைத்து, 8.8 என்று தலையில் அடித்த 10 மில்லிமீற்றர் போல்டும் லொக் நட்டும் போட்டோம். வெறும் தரைத்தகரத்தில் வொஷரை வைத்து இறுக்கினால் முதல் அடியிலேயே பிய்த்துக்கொண்டு வரும். காருக்குக் கீழே வைத்து வெல்டிங் பிடிக்கவும் விடவில்லை. பெற்றோல் குழாய் ஒரு சாண் தூரத்தில் போகிறது.

அளவெடுக்கும்போது பின்சில்லு இரண்டும் நிலத்தில் பாரத்தோடு நிற்க வேண்டும். ஜக்கில் தூக்கினால் அச்சு தொங்கி, சாஃப்டின் சாய்வே மாறிவிடும். பிறகு தூக்கியும் பார்த்தோம், பின்னால் நான்கு பேரை ஏற்றி அமுக்கியும் பார்த்தோம். எந்த நிலையிலும் சுற்றிவர ஒரு விரல் நுழைந்தது. சைலென்சர் குழாய் மட்டும் உரசியது. அதைச் சற்று வளைத்தோம்.

"சேர், இது ரேஸ் காருக்குத்தானே" என்றான் இடையில். உன் தங்கச்சி வகுப்புக்குப் போகும்போது எந்த இருக்கையில் இருக்கிறாள் என்று கேட்டேன். முன்னால், இடப்பக்கம். பட்டை இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெல்டிங் கடைக்கு நடந்துவிட்டான்.

ரேஸ் காருக்கு மட்டும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் பஸ்ஸுக்குச் சட்டமே இருக்கிறது. பயணிகள் இருக்கும் தளத்துக்குக் கீழே நீளவாட்டில் சாஃப்ட் போனால், வழுக்கிப் பொருந்துகிற முனையில் ஒரு காவல் வளையமாவது இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பஸ்களின் கலர் லைட்டையும் ஹோர்னையும் கழற்றுகிற சோதனைகள் நடக்கின்றன, நல்லதுதான். குனிந்து அடியையும் ஒருதரம் பார்த்தால் இன்னும் நல்லது.

நம் ஊரில் உப்புக்காற்று. இறால் பாலத்தடியில் மாரிகாலத் தண்ணீருக்குள்ளால் ஓட்டிப் போகிறோம், வயல் சேறும் சேர்கிறது. ஆகவே வேன்காரத் தம்பிமாரே, மூட்டின் கிண்ணத்தைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரித் துரு தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று அர்த்தம். கியர் போட்டு எடுக்கும்போது "டக்" என்றால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை நடுங்கினால், சில்லுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, கீழே போய்ச் சாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். சிலுவையில் ஆட்டம் இருக்கவே கூடாது. சாஃப்டின் மேல் ஒட்டியிருக்கிற சின்னத் தகட்டுத் துண்டை அழுக்கென்று தட்டி எடுத்துவிடாதீர்கள். அது பாலன்ஸுக்கு வைத்த பாரம்.

பொடியனின் சாஃப்ட் இன்னும் பாலன்ஸ் பார்க்கப்படவில்லை. கழற்றி வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை 50க்கு மேல் ஓட்டுவதில்லை என்று அவனுடைய அம்மாவுக்கு முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறான். சிலுவை இரண்டும் புதிது வாங்கியாகிவிட்டது. அடுத்த போயா லீவில் மாட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் வேனுக்கும் வளையம் அடிக்க வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் கொண்டுவாருங்கள். பிறகு கீழே படுக்க முடியாத வெயில்.