மூன்றாவது பிளாக்கி

எங்கள் தோட்டத்தில் நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கமே இருந்ததில்லை. நாய் அது பாட்டுக்கு நடக்கும். காலையில் பெரட்டுக்குப் போகிற ஆட்களின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போகும். வெயில் ஏறினால் ஆயாக் கொட்டகை வாசலில் படுத்துக்கொள்ளும். ராத்திரி சோறு வைக்கிற நேரத்துக்குச் சரியாக வீட்டுக்கு வந்துவிடும். யார் வீட்டு நாய் என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்லத் தெரியும். ஆனால் கழுத்தில் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு போனவர் யாரும் கிடையாது.

போனவர் ஒருவர் இருந்தார். அவர் துரை. கித்தா மரம் இருந்த காலத்தில், இருட்டு விலகுவதற்கு முன்னால், பங்களாவிலிருந்து ஓர் அல்சேஷனைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு இறங்கி வருவாராம். பாட்டி சொல்வார்: "தொர ஒரு தரம் நம்மள எண்ணுவாரு, நாயி ஒரு தரம் எண்ணும்." ஆள் குறைந்தால் கங்காணிக்குத்தான் முதலில் ஏச்சு விழும். அந்த நாய் குரைத்ததே இல்லையாம். அதுதான் பயமாக இருக்கும் என்பார் பாட்டி.

அதனால்தான், போன வருஷம் நான் பிளாக்கிக்குக் கயிறு போட்டு முதல் நாள் செம்மண் ரோட்டில் இறங்கியபோது, லயன் முனையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா வாயில் வெற்றிலையோடு சிரித்தார். "ஏன்டா தம்பி, பங்களாவுக்கா போற?" எனக்கு அந்தச் சிரிப்பின் பாதிதான் புரிந்தது. மீதியைப் பாட்டி சொன்ன கதையோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கூலி வீட்டுப் பேரன் நாயைப் பிடித்துக்கொண்டு காலாற நடக்கிறான். வேலை இல்லாமல் நடப்பது இந்த ரோட்டில் ஒரு காலத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வாய்த்தது.

குளுவாங்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்னத் தோட்டம் எங்களுடையது. ஒரு முனியாண்டி கோயில், மூடிக் கிடக்கும் ஒரு கடை, நான்கு வரிசை வீடுகள். அதில் தமிழ்க் குடும்பங்கள் இப்போது பதினொன்று. மற்ற வீடுகளில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நான் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, டவுனில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் உடனே தூக்கம் வராது. அந்த இரண்டு மணி நேரம்தான் பிளாக்கிக்கு.

பிளாக்கி கறுப்பு இல்லை. பழுப்பு. கறுப்பாக இருந்தது முதல் பிளாக்கி, அப்பா வளர்த்தது. தோட்டத்தில் நாய் செத்தால் அடுத்த நாய்க்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள். கூப்பிட்டுப் பழகிய வாய். இரண்டாவது பிளாக்கி எலி மருந்து தின்று செத்தது. செம்பனைத் தோட்டத்தில் எலி பெரிய தொல்லை. பழக் குலையைக் கடித்துத் தின்றுவிடும். அதற்காக மரத்தடியில் மெழுகுக் கட்டி மாதிரி மருந்து வைப்பார்கள். எலிக்கு வைத்தது நாய்க்கும் ருசிக்கும். உள்ளே ரத்தம் கசிந்து, மூன்று நாள் படுத்தே கிடந்து செத்தது. மூன்றாவது பிளாக்கிக்குக் கயிறு வந்தது அப்படித்தான். நாகரிகத்தால் இல்லை, பயத்தால்.

எலிக்கு இன்னொரு வழியும் உண்டு. செம்பனைக் காட்டுக்குள் கம்பம் நட்டு அதன் மேல் ஆந்தைப் பெட்டி வைப்பார்கள். கூகை வந்து குடியேறினால் ராத்திரியெல்லாம் எலி பிடிக்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். பிளாக்கிக்கு அந்த உருண்டைதான் காலைப் பேப்பர். ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று முழுசாக வாசித்துவிட்டுத்தான் நகரும்.

இப்போது மனுஷக் கதைக்கு வருகிறேன். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் படிக்கப் போய், வேலைக்குப் போய், பத்து வருஷமாக மோட்டாரில் இந்த ரோட்டைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தேன். ஹெல்மட்டுக்குள்ளிருந்து தலையை ஆட்டினால் அதுவே பேச்சு. சும்மா நடந்தால் "என்ன தம்பி, வேல இல்லியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே இளந்தாரிகள் யாரும் நடப்பதில்லை. கையில் நாய் இருந்தால் யாரும் அதைக் கேட்பதில்லை. நாய்தான் நடக்கிறது, நான் துணைக்குப் போகிறேன் என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது வரிசையில் தனியாக இருக்கும் ஒரு தாத்தா, பிளாக்கிக்காக கிரீம் கிராக்கரைக் கோப்பியில் நனைத்து வைத்திருப்பார். நாய் தின்று முடிக்கும் வரை என்னோடு பேச வேண்டியிருக்கும். அப்படித்தான் அவர் சஞ்சிக்கூலியின் பேரன் என்பதும், 1960களில் பக்கத்துத் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது இங்கே வந்தவர் என்பதும் எனக்குத் தெரிந்தது. வங்காளதேசத்துப் பையன் ஒருவன், என்னைவிட இளையவன், நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டே பிளாக்கியிடம் வங்காளத்தில் ஏதோ பேசுவான். என்னிடம் உடைந்த மலாயில் பேசுவான். நாயிடம் பேசும்போதுதான் அவன் சொந்த மொழியில் பேசுகிறான் என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. தாய்மொழியில் பேச அவனுக்கும் ஒரு காது வேண்டியிருக்கிறது.

தோட்டத்து எல்லையில் மலாய்க் கம்பம் தொடங்குகிறது. அங்கே கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பேன். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபு. 2014 அக்டோபரில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பண்டார் உத்தாமாவில், முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பழகுவதற்கென்றே ஒரு நிகழ்ச்சி நடந்தது. நூற்றுக்கணக்கில் மக்கள் வந்தார்கள். ஏற்பாடு செய்தவருக்கு மிரட்டல் வந்து, கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. அந்தச் சண்டையை அப்போது ஃபேஸ்புக்கில் பார்த்து, இரண்டு பக்கமும் எவ்வளவு சத்தம் என்று நினைத்திருக்கிறேன்.

இங்கே சத்தம் எதுவும் இல்லை. முதல் வீட்டுப் பாக்சிக் ரோட்டோரம் பத்தடி தள்ளி நிற்பார். நான் நின்றதும், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். வாரத்தில் ஒருநாள் மீன் தலைகளைப் பேப்பரில் சுற்றிக் கால்வாய்க் கட்டையின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். அவர் பூனைகளுக்குப் போக மிச்சம். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பத்தடியை இருவரும் காப்பாற்றுகிறோம், அவ்வளவுதான். அந்தப் பத்தடிக்குள் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பதை ஃபேஸ்புக்கில் எழுதிப் புரிய வைக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தையும் அமெரிக்காவின் மூன்று நகரங்களையும் வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வளர்ப்புப் பிராணி வைத்திருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்து ஆட்களைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. அங்கே புது ஆட்கள் அறிமுகமாகிறார்கள். எனக்குப் பழைய ஆட்களே மறுபடியும் அறிமுகமானார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்களின் பெயர்கூட எனக்கு முறையோடுதான் தெரியும். பெரியம்மா, மாமா, தாத்தா. அவர்கள் எந்த வெளியில் மரம் சீவினார்கள், யாருடைய பிள்ளை எந்த வயதில் செத்தது என்பதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது.

இதற்கு நாள் குறித்தாகிவிட்டது. தோட்டத்து வீடு வேலைக்குச் சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அம்மா முப்பத்திரண்டு வருஷம் இங்கே உதிரிப் பழம் பொறுக்கினார், மருந்து அடித்தார். இந்த வருஷம் அறுபது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. யாரும் கத்தவில்லை, மிரட்டவில்லை. நல்ல தாளில், நல்ல மலாயில் எழுதியிருந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

டவுனில் பார்த்த மலிவு விலை அடுக்குமாடிகள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான்: நாய் கூடாது. முன்பு போனவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். கோயில் பக்கம் திரியும் ஏழெட்டு நாய்களுக்கும் ஒரு காலத்தில் வீடு இருந்தது. லாரி கிளம்பியதும் கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்ற நாய்கள் அவை. விலங்கு நலச் சட்டம் 2015, வளர்த்த பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அபராதம் இருபதாயிரம் ரிங்கிட்டில் தொடங்குகிறது. அவ்வளவு பணம் இருந்திருந்தால் அவர்கள் நாய்க்கும் இடமுள்ள வீட்டுக்கே போயிருப்பார்கள். வீட்டை இழந்தவன் நாயை விட்டால் அதற்குச் சட்டம் இருக்கிறது. வீட்டை எடுத்துக்கொள்வதற்கும் சட்டம் இருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டுச் சட்டம்தான்.

அறிந்து பழகிய பாகனையே யானை கொல்லும், எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் நாய் வாலை ஆட்டும், ஆகவே நாய் போன்றவரோடு நட்புக் கொள் என்று நாலடியாரில் ஒரு பாட்டு உண்டு. பள்ளியில் நாயின் பெருமை என்று அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எனக்கு அந்தப் பாட்டில் வேல்தான் கண்ணில் படுகிறது. வாலை ஆட்டியது போதும், வேலை யார் எறிந்தது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?

அம்மா கேட்கிற ஆள் இல்லை. ஆனால் நாய்க்கு இடமில்லாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதனால் கணக்குப் போட்டு, டவுனை ஒட்டிய ஒரு தாமானில், கேட் வைத்த தரை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். அடுக்குமாடியைவிட மாதம் முந்நூறு வெள்ளி அதிகம். அடுத்த மாதம் போகிறோம்.

நகராட்சியில் நாய் உரிமத்துக்குப் பாரம் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். இனம் என்ற இடத்தில் 'உள்ளூர்' என்று போட்டேன். நிறம், பழுப்பு. உரிமையாளர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் அம்மா கரண்டியோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எம் பேர போடு" என்றார்.

போட்டேன். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் உரிமையாளர் என்று எழுதிய தாள் ஒன்று எங்கள் வீட்டில் இதற்கு முன் இருந்ததாக எனக்கு நினைவில்லை.