கிளீனர் சீட் காலி!

நாமக்கல்லுக்கு மூன்று பெருமைகள். முட்டை, கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற 18 அடி ஆஞ்சநேயர், அப்புறம் லாரி. முதலாவதைச் சாப்பிடலாம், இரண்டாவதைக் கும்பிடலாம், மூன்றாவது வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம்!

ஊரைச் சுற்றிலும் பாடி கட்டும் பட்டறைகள். வெல்டிங் பொறி, பெயின்ட் வாசனை, சுத்தியல் சத்தம். ஒரு காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸ்தான் வரும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார் டிரைவர். இங்கே கேபின், பாடி, பெயின்ட், நெற்றியில் சாமி பெயர் எல்லாம் ஏறி, மாப்பிள்ளை மாதிரி வெளியே போகும். இப்போது பெரும்பாலும் கம்பெனி கேபினோடேயே வந்துவிடுகிறது.

வண்டி ரெடி. ஓட்ட ஆள்?

மேனேஜரோடு சண்டை போட்ட அன்றைக்கு, 'பேசாம லாரி ஓட்டப் போயிடலாம்' என்று முணுமுணுக்காத ஆபீஸ்காரர் உண்டா? போகலாம் சார். ஆனால், வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வயது 20 ஆகியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர்.! டாக்டர் சர்டிபிகேட், டிரைவிங் ஸ்கூல் சர்டிபிகேட், ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட். எட்டாம் வகுப்பு பாஸ் என்ற நிபந்தனை மட்டும் 2019-ல் போய்விட்டது. இந்த ஊர் முதலாளிகள் நிறைய வைத்திருக்கிற காஸ் டேங்கரை ஓட்ட வேண்டுமென்றால், அபாயகரமான சரக்குக்கென்று 3 நாள் பயிற்சி தனி.

இவ்வளவும் முடித்தால் டிரைவரா? பட்டறை ஓர டீக்கடையில், ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவரிடம் கேட்டேன்.

"அது அட்டைங்க தம்பி. அட்டையைக் காட்டினா போலீஸ்காரர் விடுவாரு. ஓனர் சாவி குடுக்கோணுமில்லீங்களா?" என்றார்.

சாவி கிடைக்கும் வழி கிளீனர் சீட். இரும்பு ராடால் டயரைத் தட்டி, சத்தத்திலேயே காற்று குறைந்ததைக் கண்டுபிடிப்பது. மழை வருமுன் தார்ப்பாய் கட்டுவது. ரிவர்ஸ் எடுக்கும்போது பாடியைத் தட்டி "வா... வா... வா..." சொல்வது. ஸ்டவ்வில் சோறு பொங்குவது. நாமக்கல் வழியாகப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை நீள்கிறது. நாக்பூர் தாண்டுவதற்குள் இந்தியும் வந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவே, ராத்திரி ஆளில்லாத ரோட்டில், "கொஞ்சம் பிடிடா" என்று அண்ணன் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். அந்தப் பாடத்துக்கு எந்த ஆபீஸிலும் சர்டிபிகேட் கிடையாது.

இப்போது அந்த சீட் பல வண்டிகளில் காலி. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018-ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே ஆள் ஓட்டுகிறார், ஒரே ஆள் டயர் பார்க்கிறார், ஒரே ஆள் தூக்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார். மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் வந்தது. லோடு இறக்க வேண்டிய கம்பெனியின் கடிகாரத்துக்கு அது தெரியாது.

"இப்ப கேபின்ல ஏ.சி. வந்துடுச்சே அண்ணே?" என்றேன். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு அது கட்டாயம்.

"வரட்டுங்க, நல்லதுதான். வெயிலுக்கு வழி பண்ணிட்டாங்க. டிரைவருன்னா பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்களே, அதுக்கு?"

"உங்க பையன் என்ன பண்றாருங்க?"

"பெங்களூர்ல கம்ப்யூட்டருங்க."

"லாரிக்குக் கூப்பிடலையா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "லீவுல ஒருவாட்டி வரேன்னு பக்கத்து சீட்ல ஏறி உக்காந்தானுங்க. நான்தான் கையைப் பிடிச்சு இறக்கி விட்டேன்."